முதுகைக் காட்டாதே

“கழட்டுய்யா அந்த ஜாக்கெட்டை!”

‘விசில்’ என்று பட்டப்பெயர் வாங்கிய அதிகாரி போட்ட சத்தத்தில் கார்களின் உறுமல்கூட அமுங்கிப் போனது.

ஆரஞ்சு ஜாக்கெட். அது உடம்பில் இருந்தால்தான் புகைப்படக்காரர்கள் பந்தய டிராக்கின் ஓரம் நிற்கலாம். இல்லையென்றால் டிக்கெட் வாங்கிக்கொண்டு கேலரியில் உட்கார்ந்து கை தட்ட வேண்டியதுதான்.

“சார், மத்தியானம் ஃபைனல் இருக்கு. அட்டைப் படம் நான்தான் எடுக்கணும். வெறுங்கையோட போனா எடிட்டர் என்னை உரிச்சுத் தொங்க விட்டுடுவார்,” என்று கெஞ்சினான் ஒட்டகம். கழுத்து நீளம் என்பதால் அந்தப் பெயர்.

“அதை டாட்டா காட்டறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்.”

விசில், டிராக்கின் பாதுகாப்பு அதிகாரி. காலையில் புகைப்படக்காரர்களை வரிசையாக நிற்க வைத்துத் தினமும் ஒரே மந்திரத்தை ஓதுவார். டிராக்குக்கு முதுகைக் காட்டாதே. தடுப்பைத் தாண்டாதே. டிராக் ஓரம் போன் பேசாதே. கார் கவிழ்ந்தால், உள்ளே இருப்பவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும்வரை ஒரு படமும் எடுக்காதே.

ஒட்டகம் இன்று முதல் விதியிலேயே மாட்டிக்கொண்டான். அதுவும் எந்த நேரத்தில்!

வளைவில் ஒரு நீலக் கார் உருண்டு தலைகீழாகக் கிடந்தது. எல்லாரும் கேமராவை இறக்கிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒட்டகம் மட்டும் தன் நீள லென்ஸ் வழியாகக் காரை ஒரு பார்வை பார்த்தான். சட்டென்று திரும்பினான். கேலரியின் உச்சியில் மஞ்சள் குடை பிடித்திருந்த ஒரு பெண்ணைப் பார்த்து இரண்டு கைகளையும் ஆட்டோ ஆட்டென்று ஆட்டினான். போதாக்குறைக்குச் சிரிப்பு வேறு. குடையும் பதிலுக்கு மேலும் கீழும் ஆடியது.

கவிழ்ந்த காரை ஓட்டியது விசிலின் மகள்.

“என் பொண்ணு தலைகீழாத் தொங்கிட்டிருக்கா. உனக்குக் குடைக்காரி கேக்குதா?”

“தப்புதான் சார்.”

“யாருய்யா அவ?”

ஒட்டகம் லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தான்.

“சொல்லு! லவ்வா?”

“ஐயையோ, இல்ல சார்! அவங்க வயசுல பெரியவங்க.”

பக்கத்தில் நின்ற புகைப்படக்காரிக்குத் தாங்கவில்லை. “லென்ஸ் நீளமா இருந்து என்ன பிரயோஜனம்? புத்தி குட்டையா இருக்கே,” என்றாள்.

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். வீடு பற்றி எரியும்போது சுருட்டுக்கு நெருப்புக் கேட்டவனுக்கு யார் பரிந்து பேசுவார்கள்?

ஒட்டகம் ஜாக்கெட்டைக் கழற்றி நீட்டினான். வாங்கிக்கொண்ட விசில் அதை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். மகள் என்னவோ ஒரு கீறல்கூட இல்லாமல் வெளியே வந்து, “அப்பா, முதல்ல காருக்கு என்ன ஆச்சுன்னு பாருங்க,” என்று சொல்லிவிட்டு மருத்துவரிடம் நடந்தே போய்விட்டாள். பெற்ற மனம் அவ்வளவு சீக்கிரம் அடங்குமா?

அப்போதுதான் அவருக்கு மனைவியின் ஞாபகம் வந்தது. முன்பு ஒரு பந்தயத்தில் மகளின் கார் லேசாகச் சறுக்கியதற்கே அந்த அம்மாள் மயங்கி விழுந்தாள். இருந்த ஒரே ஆம்புலன்ஸ் அவளை ஏற்றிக்கொண்டு கிளம்ப, அது திரும்பும்வரை பந்தயமே நின்றது. அன்றோடு அவள் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று உத்தரவு. இன்று அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள். யாராவது கண், காது, மூக்கு வைத்துச் சொல்வதற்குள் நாமே சொல்லிவிடலாம்.

ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கி, யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் போனை எடுத்தார். எல்லாரும் பார்த்தார்கள்.

“என்னம்மா, அக்கா வீட்டுலதானே இருக்க? பதறாதே. நம்ம பொண்ணு கார் லேசா...”

“தெரியும்ங்க. உருண்டுடுச்சு. அவளுக்கு ஒண்ணுமில்ல.”

“அதுக்குள்ள யார் சொன்னா?”

“அந்தக் கழுத்து நீளமான தம்பிதான்...” என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நேரம் பார்த்து ஒலிபெருக்கி முழங்கியது. “பார்வையாளர்கள் கவனத்துக்கு! அடுத்த பந்தயம் இதோ ஆரம்பம்!”

விசிலின் ஒரு காதில் ஒலிபெருக்கி. இன்னொரு காதில், போனுக்குள்ளிருந்து, அதே ஒலிபெருக்கி.

“உங்க அக்கா வீட்டுல எப்பலேருந்து மைக் செட்டு கட்டினாங்க?”

“திட்டாதீங்க. பெத்தவளுக்கு வீட்டுல உட்கார முடியுமா? இந்தத் தூரத்துலேருந்து எனக்கு எது தெரியுது? அதான் காலையில வாசல்லயே அந்தத் தம்பியைப் பிடிச்சேன். ஏதாவது ஆச்சுன்னா, உன் லென்ஸ்ல அவ கட்டைவிரல் தெரிஞ்சதும் எனக்குக் கையை ஆட்டிடுப்பான்னு கேட்டேன். உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிட்டேன். அவன் ஆட்டலேன்னா இன்னைக்கும் விழுந்திருப்பேங்க.”

விசில் போனைச் சட்டைப் பையில் போட்டார். திரும்பி வந்து, ஆரஞ்சு ஜாக்கெட்டை ஒட்டகத்துக்குத் தன் கையாலேயே மாட்டிவிட்டார்.

“முதுகைக் காட்டினது தப்புதான்,” என்றார்.

“தப்புதான் சார்.”

விசில் தலையை நிமிர்த்திக் கேலரியைப் பார்த்தார். உச்சியில் அந்த மஞ்சள் குடை பயந்துபோய்ப் பாதி மடங்கியிருந்தது. இத்தனை வருடம் ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த மனிதர், டிராக்குக்கு முழு முதுகையும் காட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டோ ஆட்டென்று ஆட்டினார்.

குடை பட்டென்று விரிந்தது.

தூரத்தில் கார்கள் கிளம்பும் சத்தம் கேட்டது. “சார், முதுகு!” என்று பதறினாள் புகைப்படக்காரி.

ஒட்டகம் அவருக்குப் பக்கத்தில் வந்து, வளைவைப் பார்த்தபடி நின்றுகொண்டான்.

“நீங்க நல்லா ஆட்டுங்க சார். டிராக்கை நான் பார்த்துக்கறேன்.”