சமையலறைக்குள் மழை

ஜூலை பதினேழாம் தேதி, பகல் இரண்டு பத்துக்கு, என் சமையலறைக்குள் மழை பெய்தது.

வெளியே ஒரு பொட்டு மேகம் இல்லை. ஐந்து மாதமாகத் தெற்கு பிரான்சின் எங்கள் கோர்பியேர் மலைகளில் ஒரு துளி விழவில்லை. நிழலுக்காகப் பல்லிகள் வரிசையில் நின்ற வருடம் அது.

மேசைக்கு அந்தப் பக்கம் மாகெலோன் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி. ஊர்க் கூட்டுறவு ஒயின் சாலையில் இருபத்தெட்டு வருடமாக ருசி பார்ப்பவள். ஒரு கிளாஸை முகர்ந்தால் எந்தச் சரிவில் விளைந்த திராட்சை என்பது மட்டுமல்ல, பறித்தவன் அன்று காலை சவரம் செய்தானா என்பதையும் சொல்லிவிடுவாள்.

மார்ச் மாதம் வந்த காய்ச்சல் அந்த மூக்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டது.

எனக்கு மட்டும்தான் தெரியும். நான் கரியாக்கிய ஆம்லெட்டை நன்றாயிருக்கிறது என்று சாப்பிட்டாள். முப்பது வருடத்தில் என் சமையலை அவள் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

நான்கு மாதமாக மற்றவர்களின் புருவத்தைப் பார்த்தே சமாளித்தாள். இன்று அது நடக்காது. மூன்று மணிக்கு, ஏழாம் தொட்டி ஒயினை எல்லோருக்கும் முன்னால் அவள்தான் முதலில் வாயில் வைக்க வேண்டும். என்ன மணம், எதோடு சாப்பிடலாம் என்று அவள் சொல்வதுதான் சீசாவின் முதுகில் அச்சாகும். கூட்டுறவுத் தலைவர் வெர்தியே இரண்டேகாலுக்குக் காரோடு வருவார். திணறினால் அத்தோடு வேலை போச்சு.

"அவர் வர்றதுக்குள்ள உன் மூக்க உனக்குத் திருப்பித் தர்றேன் பாரு," என்றேன்.

"தபால்காரனா இருந்தப்பவே என் லெட்டர எதிர்வீட்டுல போட்ட ஆளு நீ, பெரிசு. மூக்க எவ வீட்டுல போடப்போறியோ."

ஏழாம் தொட்டியிலிருந்து ஒரு சீசா என்னிடம் இருந்தது. எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். என்னைவிடப் பதினோரு வயது மூத்த கரிஞான் திராட்சைக் கொடிகளின் ஒயின். ஊற்றியதும் மேசை முழுக்க அந்தி சாய்ந்தது.

சுழற்றினாள். முகர்ந்தாள். தலையை ஆட்டினாள்.

உப்பில் ஊறிய நெத்திலியோடு கொடுத்தேன். அதே நெத்திலியைத் தின்ற என் பூனை இரண்டு நாள் கிணற்றடியை விட்டு நகரவில்லை. அவளுக்கு ஒன்றுமில்லை.

மூன்று வாரம் பழுத்த ஆட்டுப்பால் சீஸ். அதற்குப் பயந்து ஈக்கள் அடுத்த ஊருக்குக் குடிபெயர்ந்திருந்தன. ஒன்றுமில்லை.

திராட்சைக் குச்சித் தணலில் சுட்ட ஆட்டுத் தொடை. அட்டையை மெல்வதுபோல் மென்றாள்.

கடிகாரம் இரண்டு ஐந்து.

"போதும் பெரிசு. அவங்க கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி நானே சொல்லிட்றேன்."

அப்போதுதான் அடுப்பில் சூப் இருப்பது ஞாபகம் வந்தது. எல்லாவற்றுக்கும் முதலில் பரிமாறியிருக்க வேண்டியது. நாற்பது பல் பூண்டும், மலையில் பறித்த ஒரு கைப்பிடி தைம் மூலிகை இலையும் இவ்வளவு நேரம் கொதித்துக்கொண்டே கிடந்திருக்கின்றன.

வெறும் வயிற்றோடு அனுப்ப மனமில்லை. குழித்தட்டில் ஊற்றிக் கொடுத்தேன். என் மனம் நோகக் கூடாதென்று நாலு கரண்டி குடித்தாள்.

அடியில் இரண்டு வாய் மிச்சம். பழக்க தோஷம், அதில் ஒயினைச் சாய்த்துவிட்டேன். எங்கள் பக்கத்து உழவர்கள் எல்லோரும் செய்வதுதான். ஊற்றி, தட்டைத் தூக்கி, அப்படியே குடிப்பார்கள். ஆனால் ஒயினே தொழிலாக இருப்பவர்கள் முன்னால் அதைச் செய்யக் கூடாது.

"அடப்பாவி! ஏழாம் தொட்டியவா சூப்புல ஊத்துற?"

தட்டை வெடுக்கென்று பிடுங்கினாள். ஆவி முழுக்க அவள் முகத்தில் ஏறியது.

மூச்சை ஆழமாக உள்ளே இழுத்தாள்.

முதல் துளி, வெயிலில் சுட்ட கல்லின் மேல் விழுந்தது. அடுத்தது புழுதியில். பிறகு மலை மலையாகத் தைம் புதர்கள் ஒரே மூச்சை வெளியே விட்டன. என் சமையலறைச் சுவர்கள் ஈரத்தில் கருத்தன. அலமாரிக்குப் பின்னாலிருந்து ஓர் ஓடை இறங்கி மேசைக்கு அடியில் ஓடியது. நான் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

"மண்வாசன," என்று முணுமுணுத்தவள் கண்களை மூடி, தட்டின் விளிம்பில் வாய் வைத்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

திடீரென்று நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே ஓடினாள். சுட்டெரிக்கும் தன் முற்றத்தில், கயிற்றில் மொறுமொறுவென்று காய்ந்து கிடந்த படுக்கை விரிப்புகளையெல்லாம் அவசர அவசரமாக வாரி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

வெர்தியேயின் கார் வந்து நின்றது. அவர் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வானத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"என்ன மாகெலோன், இந்த வெயில்ல துணிய வாரிக்கிட்டு ஓடுற?"

"மழை வந்துச்சு தலைவரே."

"மழையா? எங்க?"

அவள், வாசலுக்கு வந்து நின்ற என் பக்கம் திரும்பினாள். மேலுதட்டில் சிவப்பாக ஒரு மீசை.

"பெரிசோட சமையல்கட்டுல," என்றாள். "நானும் அங்கதான் இருந்தேன்."