குளிக்க மறுத்த மூக்கன்

தண்ணீரைச் சோதிக்கிற கூடம் ஒன்றில் மூக்கன் என்றொரு கருவி இருந்தான். குச்சி உடம்பு, நுனியில் மூக்கு. மூக்கைத் தண்ணீருக்குள் விட்டு, ஈயம் கலந்திருந்தால் 'கீ கீ' என்று கத்துவதுதான் அவன் வேலை.

அன்றைக்கு முதலில் வந்தது, பழைய பேட்டரிகள் கொட்டிக் கிடந்த குட்டையின் தண்ணீர். மூக்கன் கத்திய கத்தலில் கூடமே திரும்பிப் பார்த்தது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

"மூக்குல ஒட்டியிருக்கிறதை என்கிட்ட கழுவிட்டு அப்புறம் போ, தம்பி" என்றது கழுவும் கிண்ணம்.

"ஊர் அழுக்கைக் கண்டுபிடிக்கிறவன் நான். எனக்கே குளியலா?" என்று மூக்கன் அப்படியே குழாய்த் தண்ணீருக்குள் குதித்தான். கீ கீ! மழைத் தண்ணீருக்குள் குதித்தான். அங்கேயும் கீ கீ!

"ஐயோ, நான் நேரா வானத்துலேருந்து வர்றேன் சாமி!" என்று மழைத் தண்ணீர் அழுதது.

"பொய்! இதுகளைச் சாக்கடையில கொட்டுங்க!" என்று துள்ளிய துள்ளலில் மூக்கன் வழுக்கி, கிண்ணத்துக்குள்ளேயே விழுந்தான்.

நன்றாக முங்கி எழுந்து, மறுபடியும் மழைத் தண்ணீரில் மூக்கை விட்டான். சத்தமே வரவில்லை. குழாய்த் தண்ணீரிலும் வரவில்லை.

மூக்கனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"திருட்டுப் பசங்க! நான் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள எல்லாத்தையும் ஒளிச்சு வெச்சுட்டானுங்க!"