மூலையில் ஒரு அலமாரி

ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராக இருக்கும் அக்காவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. ஆனால் நாக்கைச் சொடுக்கி, எதிரொலியைக் கேட்டே, சுவரில் ஒட்டியிருக்கும் பல்லிக்கு என்ன வயது என்று சொல்லிவிடுவாள். இனி தனியாகத்தான் இருப்பேன் என்று அடம்பிடித்து, போனிலேயே பேசி ஓர் அறையும் பிடித்துவிட்டாள். வீட்டுக்காரரிடம் சாவி வாங்கி வந்த தம்பி, அதைக் கொடுக்காமல் உள்ளே நின்று பந்தயம் கட்டினான்.

"ரூம்ல என்னென்ன இருக்குன்னு சொல்லு பார்ப்போம். ஒண்ணு தப்பானாலும் என்கூட வீட்டுக்கு வந்துடணும்."

அக்கா நாக்கை 'டக்' என்று சொடுக்கினாள்.

"இடப்பக்கம் ஜன்னல். நடுவுல கட்டில். அந்த மூலையில அலமாரி."

தம்பி தெருவே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தான்.

"அலமாரியா? அங்க வெறும் சுவர்தான்க்கா! கிளம்பு, கிளம்பு."

"கண்ணாடியைத் தொடைச்சிட்டுப் பாருடா, சோடாபுட்டி."

அவள் விறுவிறுவென்று அந்த மூலைக்குப் போனாள். கிறீச்சென்று ஒரு கதவு திறக்கும் சத்தம் கேட்டது. தோள்பையைக் கழற்றி உள்ளே மாட்டினாள். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள்.

தம்பி ஓடிப்போய் அந்த வெறும் சுவரைத் தடவிப் பார்த்தான்.

"அக்கா... உன் பை எங்கே?"

"அலமாரியிலதான். சாவியைக் குடுத்துட்டு நீ கிளம்பு" என்று அக்கா கையை நீட்டினாள்.