யார் கை எடுக்குதோ

சியாட்டிலில் புதிதாகத் திறந்த அந்தக் கடையில் கல்லாவே கிடையாது. அதன் கேமராக்களை வடிவமைத்த டெரிக், வீட்டுக்கு ரொட்டி வாங்க வந்திருந்தான்.

வலது கையில் பெரிய கட்டுடன் ஒரு பெண்மணி திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தாள்.

"ஒருத்தரையும் காணோமே தம்பி, காசை யார்கிட்ட குடுக்கிறது?"

"யார்கிட்டயும் வேணாம்மா. யார் கை எடுக்குதோ, அவங்க கணக்குல ஏறிடும். மேல கேமரா பாத்துக்கிட்டே இருக்கு."

"தப்பா ஏறிட்டா?"

"சான்ஸே இல்ல. நான் செஞ்சதாக்கும்!"

"அட, கெட்டிக்காரன்! அந்த சால்மன் மீனை எடுத்து என் பையில போடுப்பா. ஒத்தக் கையால முடியல."

போட்டான். சீஸ், காபி டப்பா, சாக்லேட் கேக் என்று அவள் காட்டியதையெல்லாம் எடுத்துப் போட்டான்.

"நல்லா இருப்பா!" என்று வாழ்த்திவிட்டுப் போனாள்.

ரொட்டியோடு டெரிக் வாசலைத் தாண்டியதும் போனில் பில் வந்தது. ரொட்டி, சால்மன், சீஸ், காபி, கேக்!

கார்கள் நிற்கும் இடத்துக்கு ஓடினான்.

"அம்மா, நில்லுங்க! எல்லாம் என் கணக்குல ஏறிடுச்சு!"

கட்டை அவிழ்த்து எறிந்துவிட்டு, அதே வலது கையால் பையை அலாக்காகத் தூக்கிக் காருக்குள் வைத்தாள் அவள்.

"பரவாயில்லயே தம்பி, உன் கேமரா தப்பே பண்ணல!"