பின் சீட்டிலிருந்து ஒரு கேள்வி

“பேட்டரியை மட்டும் மாத்துங்கண்ணே. வேற எதையும் தொடாதீங்க.”

காரை விட்டு இறங்காமலே சொன்னாள் அந்தப் பெண். பின் சீட்டில் அவளுடைய மாமியார். முன்னால், ஸ்டியரிங் பிடித்திருந்த அவளுக்குப் பக்கத்து சீட் காலி. ஆனால் அந்தக் காலி சீட்டுக்கு யாரோ பெல்ட் மாட்டிவிட்டிருந்தார்கள்.

எலெக்ட்ரீஷியன் பானெட்டைத் தூக்கினார். அழுகின முட்டை நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. வாய்ச் சோற்றை விழுங்காமல் அடம் பிடிக்கும் குழந்தையின் கன்னம் மாதிரி பேட்டரி உப்பிக் கிடந்தது.

“இது போன தடவை நான் போட்டுக் கொடுத்ததுதானே? அதுக்குள்ள தண்ணியெல்லாம் கொதிச்சு வத்திப்போச்சே! பல்பும் அடிக்கடி ஃப்யூஸ் ஆகுமே?”

“ஆகும்.”

“அப்ப பேட்டரி மேல தப்பில்லைம்மா. பாவம் அது. கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுங்க, பார்த்துடுவோம்.”

மீட்டரை வைத்துப் பார்த்தார். அவள் மிதிக்க மிதிக்க எண் ஏறியது. பதினாலரை வோல்ட்டோடு நிற்க வேண்டியது, பதினாறைத் தாண்டியும் ஏறிக்கொண்டிருந்தது.

“வயரெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆல்டர்னேட்டர்ல கரெண்டை அளவோட விடுற ரெகுலேட்டர் போயிடுச்சு. வயிறு நிறைஞ்ச புள்ளைக்கு இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரு வாய்னு திணிச்சுக்கிட்டே இருக்கு. அது கக்காம என்ன செய்யும்? ரெகுலேட்டரை மாத்திட்டா...”

“வேண்டாம்ணே.”

“என்னம்மா வேண்டாம்? வெடிச்சா ஆசிட் தெறிக்கும். வயசானவங்களை வேற பின்னால உட்கார வெச்சிருக்கீங்க.”

“பேட்டரி போனா இன்னொண்ணு வாங்கிக்கிறேன். ரெகுலேட்டர்ல கை வைக்காதீங்க.”

நல்ல மருமகள்தான் வாய்த்தாள் போ, என்று நினைத்துக்கொண்டார் அவர்.

வெளியே மழை இருட்டு. ஷெட்டுக்குள் ஹெட்லைட் வெளிச்சம் மட்டும் எதிர்ச் சுவரில் இரண்டு மஞ்சள் வட்டங்களாக விழுந்து கிடந்தது.

“சாப்பிட்டியாப்பா?” என்றது பின் சீட்டுக் குரல்.

“ஆச்சும்மா, இப்பத்தான்” என்றார் எலெக்ட்ரீஷியன்.

“உங்களை இல்லைண்ணே” என்றாள் மருமகள் மெதுவாக.

அவர் திரும்பிப் பார்த்தார். மாமியாரின் பார்வை பெல்ட் மாட்டின காலி சீட்டிலேயே இருந்தது. சுவரில் வெளிச்சம் அசையவில்லை.

“இன்னைக்கும் சாப்பிடலையாம்” என்று முணுமுணுத்தார் மாமியார். பிறகு, “ராத்திரி தூங்கினியா?”

வெளிச்சம் அசையவில்லை.

“பயமா இருக்கா, கண்ணு?”

மஞ்சள் வட்டங்கள் இரண்டும் பளீரென்று வெளுத்தன. சுவருக்குள்ளிருந்து யாரோ கண்ணை அகல விழித்துப் பார்த்த மாதிரி இருந்தது. டாஷ்போர்டு விளக்குகளும் கூடவே எரிந்து, மெல்ல மெல்ல மங்கின.

எலெக்ட்ரீஷியனுக்கு மயிர்க்காலெல்லாம் குத்திட்டு நின்றது. மீட்டர் கையில் இருப்பதே மறந்துபோயிற்று. கடவுளைக் கூப்பிட வாயெடுத்தவருக்கு, எஞ்சின் உறுமி அடங்கினது அப்போதுதான் உறைத்தது. டிரைவர் பக்கக் கதவு வழியே குனிந்து பார்த்தார்.

ஆக்ஸிலேட்டரிலிருந்து அவள் கால் விலகிக்கொண்டிருந்தது.

“எஞ்சினை அணைச்சுட்டு இப்படி வாங்கம்மா” என்று ஓரமாகக் கூப்பிட்டார். “என்ன விளையாட்டு இது?”

“சத்தமாப் பேசாதீங்கண்ணே. என் வீட்டுக்காரர் தவறினதுல இருந்து அத்தை வாயே திறக்கலை. ஒருநாள் வண்டியில வரும்போது நான் ஆக்ஸிலேட்டரை மிதிச்சதுல எதேச்சையா லைட் கூடுச்சு. ‘என் புள்ள பதில் சொல்றான்’னாங்க. அன்னைக்குத்தான் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க. அதைப்போய் நான் எப்படி ரிப்பேர் பண்ணச் சொல்லுவேன்?”

அவருக்கு இருந்த கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. ஆனாலும் ஒன்று உறுத்தியது.

“சரிம்மா. ஆனா, நல்லா இருக்கேன்னு சொல்லலாம்ல? பயமா இருக்குன்னா சொல்லுவாங்க? பெத்தவ மனசு என்ன பாடுபடும்?”

“நல்லதாவே சொல்லணும்னு நினைச்சுத்தான் ஒவ்வொரு நாளும் வண்டியை எடுக்கிறேன். கேட்டதும் கால் தானா அழுத்திடுதுண்ணே.”

அவர் கையிலிருந்த மீட்டரை ஓரமாக வைத்தார்.

“ஒண்ணு செய்யலாம். ரெகுலேட்டரை மாத்திடுறேன். டாஷ்போர்டுல தனியா ஒரு சின்ன பல்பு, கீழே காலுக்கு ஒரு சுவிட்ச். உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்சா போதும்.”

அவள் முகம் தெளிந்தது. ரெகுலேட்டர் வாங்க முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு எதிர்க் கடைக்கு ஓடினாள்.

அவர் ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை நுழைத்து சுவிட்சை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து ஒரு கை அவர் தோளில் விழுந்தது. பனிக்கட்டி மாதிரி இருந்தது.

“இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி வைப்பா. அங்க வெச்சா அவளுக்குக் கால் எட்டாது.”

அவர் பதறி எழுந்ததில் தலை ஸ்டியரிங்கில் இடித்தது. “அம்மா... உங்களுக்கு எப்படி...”

“ஏன், எஞ்சின் சத்தம் கேக்காத அளவுக்கா எனக்குக் காது போச்சு?” மாமியார் கண்ணாடி வழியே எதிர்க் கடையை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். “வீட்ல நேருக்கு நேர் கேட்டா, ‘சாப்பிட்டேன் அத்தை, தூங்கினேன் அத்தை, எனக்கென்ன அத்தை’ன்னு சிரிப்பா. அத்தனையும் பொய்.”

“அப்ப, மகன்கிட்ட நீங்க கேக்கிறதெல்லாம்...”

“போனவனைக் கேட்டு நான் என்னப்பா செய்யப்போறேன்? இருக்கிறவளைத்தான் கேக்கிறேன்.”