மேடையில ஒரு பந்து

"யாரு அங்கிள் நாட்டுக்கு எதிரி? நானா? ஒரு கேள்வி கேட்டா எதிரியா?"

ஹாலே திரும்பிப் பாத்துச்சு.

ஒரு பெரிய உலக விளையாட்டுப் போட்டியை நடத்த சிங்கப்பூர் உரிமை கேட்டு பிட் பண்ணலாமான்னு எங்க ஏரியா புக்கிட் பாஞ்சாங்ல கூட்டம். மேடையில எங்க ப்ளாக் மருதப்பன் அங்கிள். கையில ஒரு கால்பந்து. "இதுதான் நம்ம ஊரோட இதயத் துடிப்பு"ன்னு பேச்சு முழுக்க அதைத் தூக்கித் தூக்கிக் காட்டினாரு. நான் மைக் வாங்கி, அந்தப் போட்டியில நம்ம பக்கம் யாரு ஆடப் போறாங்கன்னு கேட்டேன். அதுக்குத்தான், ஃபோனைத் தவிர ஒண்ணும் தெரியாத பசங்க, நாட்டுக்கே எதிரின்னு இந்தத் திட்டு.

"வேணாம்னு நான் எப்போ சொன்னேன்? வரட்டும் லா! முதல் வரிசையில நின்னு கத்தறேன்!"

கூட்டத்தை நடத்தின நூருன்னிசா டீச்சர் முறைச்சாங்க. "கவிப்ரியா, மரியாதை."

"மரியாதையாத்தான் டீச்சர் பேசறேன். அங்கிள்னுதானே கூப்பிடறேன்?"

பின்னாடி யாரோ சிரிச்சாங்க.

"என்ன அங்கிள், எங்களுக்கு ஃபோனைத் தவிர ஒண்ணும் தெரியாதா? தினமும் சாயந்திரம் ப்ளாக் கீழ விளையாடற கோர்ட்டுக்கு வந்து பாருங்க. சனிக்கிழமை ஸ்கூல் கேர்ள்ஸ் டீம் செலக்‌ஷன். நாங்க எதை உதைச்சு ப்ராக்டீஸ் பண்றோம் தெரியுமா? காலி மைலோ டின்!"

இப்போ யாரும் சிரிக்கல.

"உங்ககிட்ட பந்து இல்லையாம்மா?" டீச்சர் கேட்டாங்க.

"இருந்துச்சு டீச்சர். சத்தம் தாங்கலைன்னு ஒருத்தர் வந்து பிடுங்கிட்டுப் போயிட்டாரு. திருப்பிக் கேட்டதுக்கு, 'குப்பை கொட்டற ஷூட் குழாய்ல போட்டாச்சு, போங்கடி'ன்னாரு."

"யாரு அந்த ஆளு? பேரைச் சொல்லு பாப்பா!" கூட்டத்துலேர்ந்து ஒரு ஆன்ட்டி கத்தினாங்க.

"சொல்றேன் ஆன்ட்டி. ஷார்லீன், எழுந்திரு. உன் பந்துதானே?"

ஷார்லீன் எழுந்தா. அவ பின்னாடி எங்க டீம் மொத்தமும் எழுந்துச்சு. ஹால்ல கைத்தட்டல் பிச்சுக்கிச்சு.

மேடையில மட்டும் ஒருத்தர் கை தட்டல. கையில பந்து இருந்துச்சே!

"மருதப்பன் அங்கிள், அதை ஏன் முதுகுக்குப் பின்னாடி ஒளிக்கறீங்க? இவ்வளவு நேரம் தூக்கிக் காட்டினீங்க, இப்போ கொஞ்சம் திருப்பிக் காட்டுங்க. அடியில மார்க்கர்ல 'ஷார்லீன்'னு இருக்கும். குப்பை ஷூட்ல போன பந்து மேடைக்கு எப்படி வந்துச்சு? இந்தாங்க மைக், எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க!"