இரட்டை மூளை லெப்டொப்

“வந்துருச்சுங்களா மொதலாளி?”

கடைக்குள் காலை வைக்காமலே கேட்டார் நாகமுத்து. சனிக்கிழமை தவறாத கேள்வி. தேயிலைத் தோட்டப் பக்கமிருந்து வரும் எல்கடுவ பஸ்ஸை விட்டு இறங்கி, பொலிஸ் சோதனையில் பையைத் திறந்து காட்டிவிட்டு, மாத்தளையில் வேறு எந்தக் கடையையும் ஏறிட்டுப் பார்க்காமல் நேரே இங்கேதான் வருவார்.

“இன்னம் வரல்ல ஐயா. கப்பல்ல வருதாம். அடுத்த கெழம கட்டாயம் வரும்” என்றார் கடைக்காரர் லாபிர். பொங்கலிலிருந்து இதையே சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்துவிட்டது.

“சரிங்க. நல்லதுங்க.” நாகமுத்துவின் முகம் சற்றே தெளிந்தது. வாசல் கண்ணாடியில் ஒட்டியிருந்த படத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனார்.

அது புது ரக லெப்டொப்பின் விளம்பரப் படம். ‘விரைவில்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஒரே மெஷினுக்குள் இரண்டு மூளையாம். நாலு வேலையை ஒரே நேரத்தில் கொடுத்தாலும் அசராதாம். கொழும்புக் கம்பனிக்காரன் படத்தைக் கொடுத்ததோடு சரி. படம் வெயிலில் வெளுத்ததுதான் மிச்சம், சாமான் வந்தபாடில்லை.

கல்லாவில் இருந்த மனைவி றம்லா சிரித்தாள். “இவர் வாங்குற ஆளில்ல. வரல்லன்னு சொன்னா சந்தோசப்படுற கஸ்டமர எங்கயாவது கண்டீக்கிறீங்களா?”

“சல்லி சேர்க்கிறாரு றம்லா. பிந்தி வந்தா நல்லம்தானே அவருக்கு? மகனுக்குத்தான்னு ஒருநாள் சொன்னாரு. கொழும்புல கம்பியூட்டர் வேலையாம்.”

தேயிலை ஃபெக்டரியில் உழைத்துத் தேய்ந்த மனிதர், பிள்ளைக்காகப் புத்தம் புது மெஷினுக்குத் தவம் கிடக்கிறாரே! அதை நினைத்தாலே லாபிருக்கு மனசு இளகிவிடும். முதல் லெப்டொப் இவருக்குத்தான் என்று அவர் எப்போதோ முடிவு கட்டியிருந்தார்.

ஆடி மாதத்தில் ஒருவழியாக அது வந்து சேர்ந்தது. ஒன்றே ஒன்று. அடுத்த சரக்கு எப்போது என்று கம்பனிக்காரனுக்கே தெரியவில்லை. மறுநாள் சனிக்கிழமை, கடை திறந்ததும் திறக்காததுமாகச் சீகிரியாவில் ஹோட்டல் நடத்தும் ஒருவர் வந்து நின்றார். கேட்ட விலைக்கு மேலேயே தருகிறேன் என்றார்.

“மன்னிக்கணும். இது வேற ஆளுக்குச் சொன்னது” என்று லாபிர் ஒரே பிடியாக நின்றுவிட்டார். ஹோட்டல்காரர் முறைத்துக்கொண்டே போனார்.

றம்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “தேடி வந்த யாவாரத்த வாசல் வரைக்கும் போய் வழியனுப்பிட்டு வாறீங்க! அந்த ஐயா வேணாம்னுட்டா இத யார் தலையில கட்டுறது?”

“வேணாம்னுவாரா? பாரு, இப்ப வருவாரு.”

எல்கடுவ பஸ் வந்தது.

“வந்துருச்சுங்களா மொதலாளி?”

“அல்ஹம்துலில்லாஹ், வந்திரிச்சி! உங்களுக்குன்னே எடுத்து வெச்சீக்கிறேன் ஐயா. உள்ளுக்கு வாங்க!”

நாகமுத்து உள்ளே வரவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். லாபிர் உற்சாகமாகப் பெட்டியைப் பிரித்து, மூடியைத் திறந்து, வெளிச்சம் வந்த திரையை அவர் பக்கம் திருப்பினார். அவரோ அதைப் பார்க்காமல், தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார்.

“என்ன ஐயா, சல்லி பத்தல்லயா? இருக்கிறதத் தாங்க, மிச்சத்த மகன் மெல்ல மெல்லக் கட்டட்டும். அவரையும் கூட்டிக்கிட்டு வந்திருக்கலாமே?”

“இந்தப் படத்த நீங்க ஒட்டின அன்னிக்கு அவனும் எங்கூட இங்கதான் நின்னானுங்க. பொங்கலுக்கு வந்திருந்தான். ‘இது கடைக்கு வர்ற அன்னிக்கு நானும் கொழும்புலருந்து வந்துருவேன்ப்பா, ரெண்டு பேருமாப் போயி வாங்குவோம்’னு சொல்லிட்டுப் போனான்.”

குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால்கூட இப்படித்தான் சொல்லியிருப்பார்.

“அப்ப இன்னைக்கு வருவாரா?”

“பொங்கலுக்கு வந்துட்டுப் போன மறுவாரமே, அவன் தங்கியிருந்த ரூமுக்கு வெள்ள வேன்ல ஆளுங்க வந்து ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்களாம். யாரு எவருன்னு தெரியலங்க. பொலிசு, ஆமி கேம்புன்னு நாங்க போயி கேக்காத எடமில்ல. எல்லாரும் எங்ககிட்ட இல்லன்னுட்டாங்க.”

றம்லா கல்லாவை விட்டு எழுந்துவிட்டாள். “யா அல்லாஹ்” என்றார் லாபிர். மகனையும் கூட்டி வந்திருக்கலாமே என்று கேட்ட தன் வாயை நினைத்து அவருக்கு நெஞ்சு எரிந்தது.

“வீட்டுல அவன் அம்மா அழுவுறப்பல்லாம் நான் ஒண்ணுதாங்க சொல்லுவேன். ‘கடைக்கு லெப்டொப் இன்னும் வரலடி. அவன் வர்றேன்னு சொன்ன நாளே இன்னும் வரல. அவன் ஒண்ணும் பிந்திடல’ன்னு. அதக் கேட்டாத்தான் ஒரு வாய் சோறு திம்பா.”

நாகமுத்து முதன்முறையாகக் கடைக்குள் வந்தார். திறந்திருந்த லெப்டொப்பின் மூடியை இரண்டு கையாலும் மெதுவாக மூடினார். அதை லாபிர் பக்கம் தள்ளிவிட்டு, மறுபடியும் போய் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டார்.

“இன்னும் வரலன்னே சொல்லுங்க மொதலாளி.”